கம்பளத்திலும் துணியிலும் சிந்திய மெழுகை எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஈஸ்டருக்கு முந்தைய இரவின் திருவிழிப்பில் கையில் ஏந்திய மெழுகுவத்தி பட்டுச்சேலையின் முந்தானையில் சொட்டிவிடுவதும், நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் வேட்டியில் மெழுகு ஒட்டிக்கொள்வதும், மின்வெட்டு நேரத்தில் மேசைமேல் வைத்த மெழுகுவத்தி சரிந்து கம்பளத்தில் கொட்டுவதும் நம் வீடுகளில் வழக்கமாக நடப்பவை. கார்த்திகைக்கு மெழுகு நிரப்பிய அகல்களை வாங்கி வரிசையாக வைக்கும் பழக்கம் வந்தபிறகு வாசல் கால்மிதிகளும் இதில் சேர்ந்துவிட்டன. இவற்றுள் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே, தடம் தெரியாமல் மீட்டுவிடலாம். உருகிய மெழுகு நூலின் வலிமையைக் குறைப்பதில்லை. பதறிப்போய் ஈரத்துணியால் துடைப்பதும், வெந்நீரை ஊற்றுவதும், சோப்புப் போட்டுத் தேய்ப்பதும்தான் ஒரு ரூபாய் நாணய அளவுக் கறையை உள்ளங்கை அளவுக்கு விரித்துவிடுகின்றன.

மெழுகு தண்ணீரில் கரையாது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளை மெழுகுவத்தி பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும் பாரஃபினால் ஆனது. அது ஏறக்குறைய 50 முதல் 65 டிகிரி செல்சியசுக்குள் உருகும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். எனவே மெழுகை உருக்குவதற்கு இஸ்திரிப்பெட்டியின் மிகக் குறைந்த சூடே போதும். கூடுதலாக வைக்கும் ஒவ்வொரு டிகிரியும் துணிக்குத்தான் ஆபத்து, மெழுகை எடுக்க அது உதவாது. இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் வேலை முழுவதும் மூன்று கட்டங்களில் அடங்கும்: குளிரவைத்து உடைத்து எடுத்தல், இளஞ்சூட்டில் உருக்கித் தாளில் உறிஞ்சவைத்தல், எஞ்சிய எண்ணெய்த் தடத்தையும் சாயத்தையும் ஸ்பிரிட்டால் நீக்குதல். இந்த வரிசையை மாற்றக் கூடாது. முதல் கட்டத்தை அரைகுறையாக முடித்துவிட்டு இரண்டாவதற்குத் தாவுகிறவர்களுக்குத்தான் கறை பெரிதாகிறது.

துணி எது என்று அறிதல்

வேலையைத் தொடங்கும் முன் எந்த இழையின்மேல் மெழுகு விழுந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆடைகளில் உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். அதில் இஸ்திரிப்பெட்டிப் படத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் 110 டிகிரி வரையும், இரண்டு புள்ளிகள் இருந்தால் 150 டிகிரி வரையும், மூன்று புள்ளிகள் இருந்தால் 200 டிகிரி வரையும் தாங்கும் என்று பொருள். படத்தின்மேல் பெருக்கல் குறி இருந்தால் இஸ்திரியே கூடாது.

கம்பளங்களில் சீட்டு கிழிந்தோ அழிந்தோ போயிருக்கும். அப்போது கம்பளத்தின் ஓரத்திலிருந்து ஓர் இழையை மட்டும் பிய்த்து, இடுக்கியால் பிடித்து, பீங்கான் தட்டின்மேல் வைத்துக் கொளுத்திப் பார்க்கலாம். முடி கருகும் நாற்றம் வந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரி எஞ்சினால் அது கம்பளி. தாள் எரிவதுபோல எரிந்து மெல்லிய சாம்பலானால் பருத்தி. சுருங்கி உருகி, ஆறியபின் கடினமான மணியாக உறைந்தால் செயற்கை இழை. இந்தச் சோதனையை ஒதுக்கிவிட வேண்டாம். இன்று வீடுகளில் விரிக்கப்படும் விலை குறைந்த இயந்திரக் கம்பளங்களில் பெரும்பகுதி பாலிபுரொப்பிலீன் இழையால் ஆனவை. அந்த இழை ஏறத்தாழ 160 டிகிரியிலேயே உருகிவிடும். அதற்கு முன்பே இளகி அமுங்கத் தொடங்கிவிடும். பருத்திக்கான அளவில் சூடேற்றிய இஸ்திரிப்பெட்டியை அதன்மேல் வைத்தால், மெழுகுக் கறை இருந்த இடத்தில் என்றைக்கும் சீராகாத பளபளப்பான வடுதான் மிஞ்சும்.

மெழுகின் வகையையும் கவனியுங்கள். வெள்ளை மெழுகு எளிது. சிவப்பு, பச்சை, ஊதா போன்ற நிறமுள்ள மெழுகில் எண்ணெயில் கரையும் சாயம் கலந்திருப்பதால், மெழுகு போனபின்னும் நிறம் தங்கக்கூடும். கண்ணாடிக் குவளையில் வரும் ஒளி ஊடுருவும் ஜெல் மெழுகு உண்மையில் கெட்டிப்படுத்தப்பட்ட எண்ணெய். அதை ஐஸ் வைத்து உடைக்க முடியாது. கரண்டியால் வழித்து எடுத்துவிட்டு நேரடியாக உறிஞ்சும் கட்டத்துக்குப் போக வேண்டும்.

தேவையான பொருள்கள்

பாலித்தீன் பையில் கட்டிய ஐஸ்கட்டிகள், முனை மழுங்கிய தேக்கரண்டி அல்லது காலாவதியான ஏ.டி.எம். அட்டை, பழைய பல்துலக்கி, இஸ்திரிப்பெட்டி, ஹேர் டிரையர், பழைய வெள்ளை வேட்டித்துணி, உறிஞ்சும் தாள், மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட், பாத்திரம் துலக்கும் திரவம். இவற்றுள் தாளைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் முழு வேலையும் அதை நம்பியே இருக்கிறது.

மளிகைக் கடையில் கொடுக்கும் அச்சில்லாத பழுப்புக் காகிதப் பையைப் பிரித்து விரித்துக்கொண்டால் மிக நன்று. அச்சிடாத வெள்ளை டிஷ்யூ தாளை இரண்டு மூன்று மடிப்பாக மடித்தும் பயன்படுத்தலாம். பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போட விற்கும் பழுப்புத்தாளில் பல, ஒருபுறம் வழவழப்பாகப் பூச்சு பூசப்பட்டவை. அவை மெழுகை உறிஞ்சாமல் பக்கவாட்டில் தள்ளிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரைத் தாளின்மேல் விட்டுப் பாருங்கள். உடனே ஊறிப் பரவினால் அந்தத் தாள் ஆகும். முத்தாக நின்றால் ஆகாது. செய்தித்தாளைத் தவிர்க்க வேண்டும், சூட்டில் அதன் மை துணிக்கு இறங்கும். அவசரத்துக்கு வெளுத்த பருத்தித்துணி எல்லாத் தாளையும்விட நம்பகமானது.

முதல் கட்டம்: குளிரவைத்து உடைத்தல்

மெழுகு சொட்டியவுடன் கையை எடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பதே முதல் வேலை. உருகிய நிலையில் தொட்டால் அது இழைகளின் அடிவரை இறங்கிவிடும். தோலில் பட்டிருந்தால் முதலில் அந்த இடத்தைக் குழாய் நீரில் நன்றாகக் காட்டுங்கள். துணியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மெழுகு உறைந்ததும் ஐஸ் பையை அதன்மேல் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மின்விசிறியும் இல்லாத அறையில் மெழுகு வெளியே உறைந்தாற்போலத் தெரிந்தாலும் உள்ளே பிசுபிசுப்பாகவே இருக்கும் என்பதால், நம் ஊரில் இந்தப் படியை விட்டுவிட முடியாது. பையில் ஓட்டை இல்லாமலும், அதன் வெளிப்புறத்தில் வியர்க்கும் நீர் கம்பளத்தில் இறங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இடையில் ஒரு மெல்லிய துணியை விரித்துவிட்டால் போதும். ஆடையாக இருந்தால் மடித்துப் பாலித்தீன் பையில் போட்டு, காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் அரைமணி முதல் ஒரு மணி நேரம் வைக்கலாம். நன்றாகக் குளிர்ந்த மெழுகு வெளிறி, நகத்தால் தட்டினால் ஓசை எழுப்பும்; விரலால் அழுத்தினால் வளையாமல் விரிசல் விடும்.

துணி மெல்லியதாக இருந்தால் இரு கைகளாலும் மெழுகுத் திட்டின் இருபுறமும் பிடித்து மெதுவாக மடக்குங்கள். மெழுகு பல துண்டுகளாக வெடித்துத் தானே பெயரும். கனமான துணியிலும் கம்பளத்திலும் கரண்டியின் விளிம்பைத் தட்டையாகப் படுக்கவைத்து, ஓரத்திலிருந்து நடுப்பகுதி நோக்கி நெம்ப வேண்டும். நடுவிலிருந்து வெளியே சுரண்டினால் தூள்கள் சுத்தமான பகுதிக்குப் போய் ஒட்டும். மயிர் உயர்ந்த கம்பளத்தில் இழைக் கொத்தின் அடியை இடக்கை விரல்களால் பிடித்துக்கொண்டு, கரண்டியின் முதுகால் மெழுகை நசுக்கி, தூளானதைப் பல்துலக்கியால் மேல்நோக்கிச் சீவி எடுங்கள். வளையமாக நெய்த கம்பளங்களில் மெழுகைப் பிடித்து இழுக்கவே கூடாது. ஒரு வளையம் உருவினால் அந்த வரிசை முழுவதும் கூடவே வரும்.

மெழுகு மறுபடி இளகினால் மறுபடி ஐஸ் வையுங்கள். பொறுமையாக இரண்டு மூன்று சுற்றுகள் செய்தால் மெழுகில் பெரும்பகுதி இங்கேயே போய்விடும். பிறகு வாக்யூம் கிளீனரால் அல்லது பிசின் நாடாவால் ஒட்டியெடுத்து எல்லாத் தூள்களையும் அப்புறப்படுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் விடுபட்ட ஒரு துணுக்கும் அடுத்த கட்டத்தின் சூட்டில் புதிய கறையாகும்.

இரண்டாம் கட்டம்: இளஞ்சூட்டில் உறிஞ்சவைத்தல்

மெழுகுவத்தி எரியும்போது திரி தன் நுண்துளைகள் வழியே உருகிய மெழுகை மேலே இழுக்கிறது. துணியின் நூலும் அதே வேலையைச் செய்வதால்தான் சிந்திய மெழுகு பரவுகிறது. துணியைவிட நன்றாக உறிஞ்சக்கூடிய ஒன்றை அதன்மேல் வைத்து, மெழுகு உருகியிருக்கும் சில நொடிகளுக்குள் அதற்கு மாற்றிவிடுவதே இந்தக் கட்டம்.

இஸ்திரிப்பெட்டியில் நீர் இருந்தால் கொட்டிவிட்டு, நீராவிப் பொத்தானை அணைத்து, மிகக் குறைந்த அளவில் வையுங்கள். ஆடையாக இருந்தால் மெழுகு விழுந்த பக்கம் கீழே இருக்கும்படி தாளின்மேல் கவிழ்த்து, பின்புறத்திலும் ஒரு தாளை வைத்து, அதன்மேல் இஸ்திரிப்பெட்டியை வைக்க வேண்டும். கம்பளமாக இருந்தால் தாளை மேலே விரித்து, அதன்மேல் வேட்டித்துணியை ஒரு மடிப்பு போட்டு, பெட்டியை ஐந்து முதல் பத்து நொடிகள் வைத்துத் தூக்குங்கள். முன்னும் பின்னும் இழுத்துத் தேய்க்க வேண்டாம். தாளைத் தூக்கிப் பார்த்தால், சூடான வடையை வைத்து எடுத்த தாளைப் போல ஒரு திட்டு ஒளி ஊடுருவத் தெரியும். உடனே தாளின் சுத்தமான பகுதியை அந்த இடத்துக்கு நகர்த்தி மறுபடியும் வையுங்கள். மெழுகேறிய அதே இடத்தை இரண்டாம் முறை வைத்தால் எடுத்ததெல்லாம் திரும்ப இறங்கும். இந்த வேலை தோற்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. தாளை மனம் கோணாமல் செலவழியுங்கள். திட்டு ஒவ்வொரு முறையும் சிறுத்து மங்கி, கடைசியில் தாள் கறைபடாமல் வெளிவரும்போது மெழுகு போய்விட்டது என்று கொள்ளலாம்.

மெழுகு இளகவே இல்லை என்றால் சூட்டை ஒரே ஒரு படி கூட்டுங்கள். பாலிபுரொப்பிலீன், நைலான், அக்ரிலிக் கம்பளங்களுக்கும் வெல்வெட்டுக்கும் இஸ்திரிப்பெட்டியைவிட ஹேர் டிரையர் பாதுகாப்பானது. ஒரு சாண் தூரத்தில் பிடித்துச் சிறிது நேரம் சூடு காட்டி, மெழுகு பளபளத்தவுடன் டிஷ்யூ தாளை வைத்து விரல்களால் நேராக அழுத்தி எடுக்க வேண்டும். வெல்வெட்டின் மயிர் அமுங்கினால் பிறகு எழாது என்பதால் அதில் அழுத்தமும் மிகக் குறைவாகவே இருக்கட்டும்.

நிறமுள்ள மெழுகு வெள்ளைத் துணியிலோ வெளிர்நிறக் கம்பளத்திலோ விழுந்திருந்தால், சூடு அந்தச் சாயத்தையும் சேர்த்து இழைக்குள் கொண்டுபோகும். அத்தகைய கறையில் முதல் கட்டத்துக்கு இரட்டிப்பு நேரம் கொடுத்து, முடிந்தவரை குளிரிலேயே எடுத்துவிட்டு, சூட்டை மிகச் சிறிய அளவில் மட்டும் பயன்படுத்துவது என் பரிந்துரை.

கொதிநீர் முறை

சாயம் போகாத கெட்டியான பருத்தித் துணிகளுக்கு, அதாவது மேசைவிரிப்பு, வெள்ளை வேட்டி, துண்டு போன்றவற்றுக்குக் கொதிநீர் இன்னொரு வழி. மெழுகு பூசித் துணியில் வடிவங்கள் வரையும் பாத்திக் (batik) கலைஞர்கள் சாயமேற்றியபின் துணியைக் கொதிக்கும் நீரில் போட்டுத்தான் மெழுகை நீக்குகிறார்கள்; சோழமண்டலக் கரையில் ஐரோப்பாவுக்காகச் செய்யப்பட்ட வண்ணத் துணிகளிலும், அவுரி நீலம் ஏறக் கூடாத இடங்களில் மெழுகைப் பூசிப் பின்னர் வெந்நீரில் எடுத்தார்கள். வீட்டில் செய்வதற்கு, சுரண்டி முடித்த துணியை ஒரு பழைய அகன்ற பாத்திரத்தில் போட்டு, சிறிது சலவைத்தூள் சேர்த்துக் கொதிக்கவிட்டு, இடுக்கியால் புரட்ட வேண்டும். மெழுகு மேலே மிதக்கும். துணியை அப்படியே தூக்கினால் மிதக்கும் மெழுகு அதன்மேல் மீண்டும் படியும். ஆகவே நீர் கொதித்துக்கொண்டிருக்கும்போதே மேலே உள்ள மெழுகைக் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டுப் பிறகு துணியை எடுங்கள்.

அந்த நீரைச் சமையலறைத் தொட்டியிலோ குளியலறைக் குழியிலோ ஊற்றக் கூடாது. குழாயின் வளைவில் போய் மெழுகு உறைந்தால் அடைப்பை எடுப்பது துணியை மீட்பதைவிடப் பெரிய வேலையாகிவிடும். நீரை முழுக்க ஆறவிட்டு, மேலே ஏடாகப் படிந்த மெழுகைப் பெயர்த்துக் குப்பையில் போட்டுவிட்டு, நீரை ஒரு துணியால் வடிகட்டிய பின்னரே ஊற்றுங்கள். மெழுகு போகாத துணியைச் சலவை இயந்திரத்தில் போடக் கூடாததற்கும் இதுவே காரணம்.

மூன்றாம் கட்டம்: எஞ்சிய தடம்

மெழுகு போனபின் துணியில் எண்ணெய் பட்டாற்போன்ற நிழலோ மெல்லிய நிறமோ மிச்சமிருக்கலாம். துணி முற்றிலும் ஆறியபின், கண்ணில் படாத ஓரத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். துணியின் சாயம் ஏறாவிட்டால் மேலே தொடரலாம். ஸ்பிரிட்டைக் கறையின்மேல் ஊற்றாமல் வெள்ளைத் துணியில் நனைத்து, கறையின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒற்ற வேண்டும். கம்பளங்களின் முதுகில் இழைகளைப் பிடித்துவைத்திருக்கும் ரப்பர்ப் பசை கரைப்பான்களில் இளகும் என்பதால், ஈரம் மேல்பரப்போடு நிற்பது முக்கியம்.

அதன்பிறகு ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி பாத்திரம் துலக்கும் திரவத்தைக் கலந்து, அதில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி, அடுத்து வெறும் நீரில் நனைத்த துணியால் சோப்பை எடுத்துவிடுங்கள். சோப்பு தங்கினால் அந்த இடம் தூசியை ஈர்த்துச் சில வாரங்களில் கருத்துவிடும். உலர்ந்த துண்டை நாலாக மடித்துக் கம்பளத்தின்மேல் வைத்து, அதன்மேல் அம்மிக் குழவி போன்ற கனமான பொருளை ஓரிரவு வைத்தால் ஈரம் முழுவதும் மேலே வந்துவிடும். காலையில் பல்துலக்கியால் இழைகளை நிமிர்த்திவிடலாம்.

ஸ்பிரிட்டைப் பயன்படுத்தும்போது அறையில் விளக்கோ ஊதுவத்தியோ அடுப்போ எரியக் கூடாது; சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். ஸ்பிரிட் பட்ட இடம் முழுமையாக உலரும்வரை இஸ்திரிப்பெட்டியை அருகில் கொண்டுவரக் கூடாது. மண்ணெண்ணெய் மெழுகைக் கரைக்கும் என்பது உண்மை, பல வீடுகளில் அப்படித்தான் செய்துவந்தார்கள். ஆனால் அது தானே ஒரு எண்ணெய்க் கறையையும் நாற்றத்தையும் விட்டுச் செல்லும், தீப்பற்றும் அபாயமும் உண்டு. பெட்ரோலை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். நகப்பூச்சு நீக்கியில் உள்ள அசிட்டோன், அசிட்டேட் என்னும் இழையால் ஆன துணியைக் கரைத்து ஓட்டையாக்கிவிடும். குளோரின் வெளுப்பானைப் பட்டிலும் கம்பளியிலும் ஒரு சொட்டும் விடக் கூடாது; அது அந்த இழைகளையே அரித்துவிடும்.

பட்டுச்சேலை, ஜமுக்காளம், பாய்

பட்டுக்குத் தனியான கவனம் தேவை. ஐஸ் பையை நேரடியாக வைத்தால் ஈரம் பட்டு நீர்த்தடம் விழும். பாலித்தீன் பையில் இறுகக் கட்டி ஃப்ரீசரில் வைப்பதே சரி. வெளியே எடுத்தவுடன், பனித்துளி படியும் முன்பே, மெழுகை மடக்கி உடைத்து விரல் நுனியால் பெயர்த்துவிடுங்கள். சரிகையின்மேல் கரண்டியோ அட்டையோ படக் கூடாது. ஒரு சரிகை இழை கிளம்பினால் அதை மறுபடி படியவைக்க முடியாது. மீதியைச் சேலையின் உட்புறத்திலிருந்து, மேலும் கீழும் தாள் வைத்து, மெல்லிய பருத்தித்துணி இடையிட்டு, மிகக் குறைந்த சூட்டில் எடுக்கலாம். அதன்பிறகும் எண்ணெய்த் தடம் தெரிந்தால் வீட்டில் ஸ்பிரிட் போட்டுப் பார்க்காமல் உலர்சலவைக்குக் கொடுங்கள். அங்கே பயன்படுத்தும் கரைப்பான்கள் மெழுகை நன்றாகக் கரைப்பவை. கொடுக்கும்போது கறை எங்கே இருக்கிறது, அது மெழுகு, என்ன நிறம், வீட்டில் என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்லி, அந்த இடத்தில் ஒரு நூலைத் தளர்வாகக் கட்டி அடையாளம் வைத்துக் கொடுப்பது நல்லது.

பவானி ஜமுக்காளத்தில் மயிர்ப் பரப்பு இல்லாததால் சுரண்டுவது எளிது. ஆனால் மெழுகு மறுபுறம்வரை ஊடுருவித் தரையோடு ஒட்டியிருக்கக்கூடும். பிய்த்து இழுக்காமல், தரைக்கும் ஜமுக்காளத்துக்கும் இடையில் அட்டையை மெல்லச் செருகிப் பிரித்து, இருபுறமும் தாள் வைத்துச் சூடு காட்டுங்கள். அதன் அடர்ந்த சிவப்பும் பச்சையும் கசியுமா என்று ஈர வெள்ளைத்துணியால் முன்கூட்டியே சோதித்துக்கொள்ள வேண்டும். கோரைப்பாயில் விழுந்த மெழுகுக்கு ஐஸும் நகமுமே பெரும்பாலும் போதும். மிஞ்சியதை ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் உருக்கி, கோரை ஓடும் திசையிலேயே துடைத்து எடுங்கள்.

பயன்படுத்தி முடித்த தாள்களையும் ஸ்பிரிட் நனைத்த துணியையும் ஒன்றாகச் சுருட்டிக் குப்பைக்கூடையில் அமுக்கிவிட வேண்டாம். துணியை வெளியே காற்றில் விரித்து ஸ்பிரிட் முழுவதும் ஆவியானபின் தனியாக அப்புறப்படுத்துங்கள். மெழுகேறிய தாள் எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதால் அடுப்பருகிலும் பூசை விளக்கருகிலும் அதை வைக்கக் கூடாது. இஸ்திரிப்பெட்டியின் அடித்தட்டில் மெழுகு ஒட்டியிருந்தால், இளஞ்சூட்டில் அதை ஒரு பழைய பருத்தித்துணியின்மேல் நாலைந்து முறை தேய்த்து, துணியில் எதுவும் ஏறவில்லை என்று உறுதியான பிறகே அடுத்த ஆடையின்மேல் வைக்க வேண்டும்.